விட்ட இடத்திலிருந்து

2023 ஆகஸ்ட் 23, மாலை ஆறு மணி. அகளிக் கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடையின் வாசலில் நானும் பட்டப்படிப்பு மாணவர் நால்வரும் ஒரே கைப்பேசியைச் சூழ்ந்து நின்றிருந்தோம். மண்ணார்க்காட்டிலிருந்து முக்காலி, தாவளம் வழியாக ஆனைகட்டிக்குச் செல்லும் மலைச்சாலையில் உள்ள ஊர் இது. அட்டப்பாடியின் தமிழும் மலையாளமும் இருளமும் கன்னடமும் ஒரே கடையில் கேட்கும். அன்று மாலை எல்லா மொழியிலும் பேச்சு ஒன்றுதான்: விக்ரம் இறங்குமா, இறங்காதா? நிலாத்தரைக்குச் சில நூறு மீட்டர் உயரத்தில் கலம் இருந்தபோது கைப்பேசித் திரை உறைந்தது. மாணவன் ஒருவன் அதை அணைத்து மீண்டும் இயக்கினான். அது உயிர்பெற்று வருவதற்குள், 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 இறங்கிவிட்டிருந்தது. எதிர்க்கடையிலிருந்து எழுந்த ஆரவாரத்தில்தான் செய்தியை அறிந்தோம்.

கூட்டம் கலைந்தபின் அம்மாணவன் கேட்டான்: "அந்தக் காலத்துல நெலாவுக்கு ஆளைக் கொண்டுபோன கம்ப்யூட்டரவிட இந்த போன் பல மடங்கு பெருசுன்னு சொல்றாங்களே சார், அப்பறம் இது மட்டும் ஏன் நின்னுபோச்சு?"

அறிவியல் வரலாறு படிப்பவனிடம் கேட்கப்படக்கூடிய மிகச் சிறந்த வினாக்களுள் ஒன்று இது. அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அதை முழுமையாக்கும் முயற்சியே இந்த நீண்ட பதிவு.

முதலில் அந்த ஒப்பீட்டைப் பார்ப்போம். அப்போலோ விண்கலங்களில் இருந்த வழிநடத்து கணினியின் பிந்தைய வடிவத்தில், எழுதி அழிக்கத்தக்க நினைவகம் 2,048 சொற்கள். மாற்ற இயலாத நினைவகம் 36,864 சொற்கள். இங்கே சொல் என்பது 16 பிட் கொண்ட ஓர் அலகு. இன்றைய கணக்கில் அழிக்கத்தக்க பகுதி நான்கு கிலோபைட்டுதான். இப்பதிவின் முதல் சில பத்திகளை யூனிகோடு எழுத்தில் சேமித்தாலே அது நிரம்பி வழியும். எடை ஏறத்தாழ 32 கிலோகிராம். மின்தேவை 55 வாட் அளவு, அதாவது ஒரு பழைய குண்டு பல்புக்கு வேண்டிய மின்சாரம். ஆகவே கைப்பேசி பன்மடங்கு பெரிது என்பதில் பொய்யில்லை. ஆனால் அந்த ஒப்பீடு கொள்ளளவை மட்டுமே அளக்கிறது. ஒரு கருவி தன் கொள்ளளவுக்கு மேல் சுமை ஏறும்போது என்ன செய்கிறது என்பதை அது அளப்பதில்லை. மாணவனின் வினா நின்ற இடம் அதுதான்.

1961 மே 25 அன்று கென்னடி நிலவுப் பயணத் திட்டத்தை அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சார்ல்ஸ் ஸ்டார்க் டிரேப்பர் தலைமையில் இயங்கிய கருவியியல் ஆய்வகத்துக்கு வழிநடத்து அமைப்புக்கான ஒப்பந்தம் வழங்கப்பட்டது. அப்போலோ திட்டத்தின் முதல் பெரிய ஒப்பந்தம் இதுவே. கணினி என்றால் ஓர் அறையை நிறைக்கும் எந்திரம் என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. எல்டன் ஹால் என்னும் பொறியாளர், அப்போதுதான் பிறந்திருந்த ஒருங்கிணைந்த மின்சுற்றுகளைக் கொண்டே இதனைக் கட்டவேண்டும் என்று வாதாடி வென்றார். ஒரே வகையான எளிய சுற்றை ஆயிரக்கணக்கில் அடுக்கி முழுக் கணினியும் உருவானது. ஒரே வகைதான் என்பதால், கெட்டுப்போகும் விதங்களும் சில மட்டுமே. அவற்றைச் சோதித்து நீக்குவதும் எளிதாயிற்று. பிழை வரும் வழிகளை முதலிலேயே குறைத்துவிடுவது என்ற மனப்பாங்கு வன்பொருளிலேயே தொடங்கிவிட்டது.

வீரர் அக்கணினியிடம் பேசிய முறை தமிழ் படித்தோர்க்கு உவப்பளிப்பது. விசைப்பலகையில் 'வினை' என்று ஒரு விசை, 'பெயர்' என்று ஒரு விசை. வினைக்கு ஓர் எண், பெயருக்கு ஓர் எண். 'காட்டு' என்பது வினை. 'உயரம்' என்பது பெயர். ஒரு வினையும் ஒரு பெயரும் சேர்ந்தால் ஒரு கட்டளை. மாபெரும் பயணத்துக்கு இந்தச் சிறு இலக்கணம் போதுமானதாக இருந்தது.

நிரல்கள் எழுதப்பட்ட விதம் இன்னும் வியப்பானது. மாற்ற இயலாத நினைவகம் உண்மையில் நெய்யப்பட்டது. சிறு காந்த வளையங்களின் வரிசை. செப்புக்கம்பி வளையத்தின் ஊடே சென்றால் 1, வளையத்துக்கு வெளியே விலகிச் சென்றால் 0. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் நகரில் ரேதியான் நிறுவனத் தொழிற்கூடத்தில் பெண் தொழிலாளர் இதனைக் கையால் கோத்தனர். எந்த வளையம் என்பதைத் துளைநாடாவால் இயங்கிய ஒரு பொறி காட்டும். ஊசியைச் செலுத்துவது கை. பொறியாளர் வட்டாரத்தில் இதற்குக் 'கிழவிகளின் நினைவகம்' என்ற கேலிப்பெயர் வழங்கிற்று. மென்பொருள் எழுதியோர் பெயர் வரலாற்றில் உண்டு. அதை நெய்தோர் பெயர்கள் பெரும்பாலும் இல்லை. கோவை வட்டாரத்துத் தறிகளை அறிந்த நமக்கு இது புதிய செய்தியன்று. சேலைக்கும் நெய்தவர் பெயர் இருப்பதில்லை.

நெய்த நினைவகத்துக்கு ஒரு வலிமை உண்டு: மின்சாரம் போனாலும் அழியாது. ஒரு கடுமையும் உண்டு: நெய்து முடிந்தபின் திருத்த இயலாது. பயணத்துக்கு நெடுநாள் முன்பே நிரலை இறுதிசெய்து தொழிற்கூடத்துக்கு அனுப்பிவிட வேண்டும். பறக்கும்போது பிழை தெரிந்தால், நூலைப் பிரித்து மீண்டும் நெய்ய வழியில்லை. எனவே, தாம் எதிர்பாராத ஒன்று நடக்கும் என்பதை எதிர்பார்த்தே எழுதவேண்டிய கட்டாயம் நிரலாளர்க்கு ஏற்பட்டது.

இங்குதான் ஹால் லேனிங் என்ற பெயரை மாணவர்கள் அறியவேண்டும். ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்யவேண்டிய கணினியில் அவற்றை எப்படிப் பங்கிடுவது? ஒவ்வொரு வேலைக்கும் கால அளவு வகுத்து, வரிசையாகச் செய்வது அக்கால வழக்கம். லேனிங் வேறு வழி கண்டார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முன்னுரிமை எண். உயர்ந்த எண் உடையது வந்தால், தாழ்ந்த எண் உடையது வழிவிட்டு ஒதுங்கும். அவசர ஊர்தி வந்தால் மலைச்சாலையில் மற்ற வண்டிகள் ஓரம் கட்டுவது போல. இதன்மேல் மீள்தொடக்கப் பாதுகாப்பு என்ற இன்னொரு ஏற்பாடு எழுந்தது. இன்றியமையாத வேலை ஒவ்வொன்றும், தான் நடுவில் நின்றுபோனால் எந்த இடத்திலிருந்து தொடரலாம் என்பதை அவ்வப்போது நினைவகத்தில் குறித்துவைக்கும். கணினி திணறினால், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, குறிப்பு உள்ள வேலைகளை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். குறிப்பில்லாதவை கைவிடப்படும்.

பறப்பு மென்பொருள் குழுவுக்குத் தலைமையேற்ற மார்கரெட் ஹாமில்டன், மனிதர் செய்யும் பிழையும் வடிவமைப்புக்குள் வரவேண்டும் என்று வற்புறுத்தியவர். அவருடைய சிறுமகள் ஒருநாள் ஆய்வகத்தின் மாதிரிப் பொறியில் விசைகளை அழுத்தி விளையாடினாள். பயணத்தின் நடுவே, ஏவுதலுக்கு முந்தைய நிரலான 01 அழைக்கப்பட்டுவிட, மாதிரிப் பயணம் நிலைகுலைந்தது. இதைத் தடுக்க நிரலில் ஒரு காப்பு வேண்டும் என்று ஹாமில்டன் கேட்டார். பயிற்சி பெற்ற வீரர்கள் அப்படிப் பிழை செய்யமாட்டார்கள் என்று மேலிடம் மறுத்தது. 1968 டிசம்பரில், நிலவைச் சுற்றிவிட்டு அப்போலோ-8 திரும்பிக்கொண்டிருந்தபோது, தேர்ந்த வீரரான ஜிம் லவல் அதே பிழையைச் செய்தார். விண்மீன் எண்ணுக்குப் பதிலாக நிரல் எண் உள்ளே போயிற்று. தான் ஏவுதளத்தில் நிற்பதாகக் கணினி எண்ணிக்கொண்டு, விண்வெளியில் தன் திசைநிலையைத் தொலைத்தது. லவல் விண்மீன்களைப் பார்த்து அதனை மீண்டும் நிறுவினார். குழந்தை செய்த பிழையை வல்லுநரும் செய்வார் என்பது மெய்யாயிற்று.

அடுத்த ஆண்டின் நிகழ்ச்சிதான் பலரும் அறிந்தது. பலரும் தவறாகச் சொல்வதும் அதுவே. 1969 ஜூலை 20 அன்று ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கும்போது கணினி பழுதாயிற்று, ஆம்ஸ்ட்ராங் அதனை ஒதுக்கிவிட்டுத் தம் கைத்திறத்தால் கலத்தைக் காப்பாற்றினார் என்பது பரவலான கதை. நடந்தது வேறு.

இறங்கும்போது 1202 என்ற எச்சரிக்கை எண் தோன்றியது, பின்னர் 1201. புதிய வேலைகளை ஏற்க இடமில்லை என்பது இவற்றின் பொருள். ஏன் இடமில்லாமற் போயிற்று? இறங்குகலத்தில் மேலே சுற்றும் தாய்க்கலத்தைத் தேடும் ரேடார் ஒன்று உண்டு. அதற்கும் கணினியின் இடைமுகத்துக்கும் தனித்தனி மின்வழங்கிகள். இரண்டும் 800 ஹெர்ட்ஸ். இவ்விரண்டின் அதிர்வெண் பிணைந்திருக்க வேண்டும் என்று வடிவமைப்பு ஆவணம் சொன்னது. அலைகளின் கட்டமும் ஒத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ரேடாரின் நிலைமாற்றி ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்தபோது, அந்தக் கட்ட வேறுபாட்டால், அசையாத ரேடார் இடைவிடாது அசைவதாகக் கணினிக்குச் செய்தி போய்க்கொண்டே இருந்தது. அச்செய்திகளை எண்ணுவதிலேயே கணினியின் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் வீணாயிற்று. ஆவணத்தில் விடுபட்ட ஒரு தொடர் நிலவின் வானில் வந்து நின்றது.

அந்தச் சுமையின்மேல் ஆல்ட்ரின் 'வினை 16, பெயர் 68' என்று விசை அழுத்தினார். ரேடார் அளந்த உயரத்துக்கும் கணினி கணித்த உயரத்துக்கும் உள்ள வேறுபாடு முதலியவற்றைத் தொடர்ந்து காட்டும் கட்டளை அது. கணினி நிரம்பியது, எச்சரிக்கை எழுந்தது, மீள்தொடக்கம் நிகழ்ந்தது. எஞ்சினை இயக்குவது, கலத்தின் நிலையைக் காப்பது, பாதையைக் கணிப்பது ஆகியவை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன. ஆல்ட்ரின் கேட்ட காட்சி கைவிடப்பட்டது. எதை விடலாம் என்பது முன்பே முடிவாகியிருந்ததால், கணினி அதை விட்டது.

தரையில் முடிவெடுக்கவேண்டியிருந்தவர் ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தின் வழிநடத்து அலுவலர் ஸ்டீவ் பேல்ஸ், வயது 26. அவருக்குத் துணைநின்ற ஜாக் கார்மனுக்கு வயது 24. இறங்கலாம் என்று அவர்கள் சில நொடிகளில் சொன்னதைத் துணிவு என்று புகழ்வது வழக்கம். அத்துணிவுக்கு ஒரு முன்கதை உண்டு. ஜூலைத் தொடக்கத்தில் நடந்த ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கை ஒன்று வேண்டுமென்றே புகுத்தப்பட்டது. அன்று பேல்ஸ் இறங்குதலைக் கைவிடச் சொன்னார். அது தவறான முடிவு. பறப்பு இயக்குநர் ஜீன் கிரான்ஸ், எச்சரிக்கை எண்கள் அனைத்தையும் ஆராயப் பணித்தார். எந்த எண்ணுக்கு என்ன பொருள், எது வந்தால் தொடரலாம், எது வந்தால் திரும்பவேண்டும் என்று கார்மன் கையால் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். 1202 தோன்றியபோது அந்தத் தாள் மேசையில் இருந்தது. ஒத்திகையில் தோற்றவர்கள் தோல்வியை எழுதிவைத்தார்கள் என்பதே அன்றைய வெற்றியின் ஒரு பாதி.

ஆம்ஸ்ட்ராங் பாறைகள் நிறைந்த பள்ளத்தைத் தவிர்க்கக் கட்டுப்பாட்டைக் கையிலெடுத்தது உண்மை. ஆனால் அப்போதும் அவர் கைப்பிடியின் அசைவைக் கணினிதான் வாங்கி உந்திகளுக்கு ஆணையாக மாற்றியது. கணினியை ஒதுக்கிவிட்டு அவர் இறங்கவில்லை. மனிதனா, எந்திரமா என்று கட்சி பிரித்துப் பேசுவதற்கு இந்த நிகழ்ச்சி இடந்தருவதில்லை.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு கதை உண்டு. 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா, எஸ்.எல்.வி.-3 ஏவுகலத்தின் முதற்பயணம். திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஏவுதலுக்குச் சற்றுமுன் தரையிலிருந்த கணினி ஏவுதலை நிறுத்திவைத்தது. வல்லுநர்கள் தரவுகளைப் பார்த்து, கவலைப்பட வேண்டியதில்லை என்றனர். கலாம் கணினியைத் தவிர்த்து ஏவ ஆணையிட்டார். இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலம் கசிந்திருந்தது. கலம் வங்கக் கடலில் விழுந்தது. செய்தியாளர் முன் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ஏவுகலம் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று செய்தியாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார் தவன். தலைமைப் பண்புக்கான கதையாக இது பள்ளிகளில் சொல்லப்படுகிறது. கணினி வரலாற்றுக்கான பாடமும் இதில் இருக்கிறது. ஹூஸ்டனிலும் எச்சரிக்கை வந்தது, ஸ்ரீஹரிகோட்டாவிலும் வந்தது. இரு இடத்திலும் வல்லுநர்கள் தொடரலாம் என்றனர். ஹூஸ்டனில் அந்தக் குறிப்பிட்ட எச்சரிக்கையோடு முன்பே ஒருமுறை தோற்று, அதன் பொருளை எழுதிவைத்திருந்தார்கள். கலாம் இந்தத் தோல்வியை ஒளிக்காமல் மேடைதோறும் சொன்னதால்தான் நாம் இன்று அதை ஆராய முடிகிறது.

இனி விக்ரமுக்கு வருவோம். நிலவுக்கும் பூமிக்கும் இடையே ஒரு செய்தி ஒருவழி செல்லவே 1.3 நொடி அளவு ஆகும். ஆளில்லாக் கலம் இறங்கும்போது தரையிலிருந்து கைகொடுக்க இயலாது. ஆம்ஸ்ட்ராங் இல்லை, எல்லா முடிவும் கலத்தின் கணினியுடையது. 2019 செப்டம்பர் 7 அதிகாலை, சந்திரயான்-2இன் விக்ரம் அவ்வாறு இறங்க முயன்று மோதி உடைந்தது. காரணத்தை இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத் 2023 ஜூலையில் விளக்கினார். எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட மிகுந்திருந்தது, பிழைகள் குவிந்தன. அவற்றைத் திருத்தக் கலம் விரைவாகத் திரும்பவேண்டியிருந்தது. ஆனால் அவ்வளவு விரைவு தேவைப்படும் என்று எவரும் நினையாததால், திரும்பும் வேகத்துக்கு மென்பொருள் ஒரு வரம்பு விதித்திருந்தது. இறங்குமிடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சிறு சதுரம். அதை எட்டிப்பிடிக்க வேண்டும் என்ற கட்டளையைக் கலம் கடைசிவரை விடவில்லை.

அப்போலோ கணினி ஒரு காட்சியை விட்டுக் கலத்தைக் காத்தது. சந்திரயான்-2க்கு எதை விடலாம் என்று சொல்லித்தரப்படவில்லை. அந்தச் சதுரத்தை விட்டிருந்தால் பிழைத்திருக்குமா என்பதை அறுதியிட்டுக் கூற முடியாது. ஆனால் சந்திரயான்-3ஐ வடிவமைத்தோர் முதலில் தளர்த்தியவற்றுள் ஒன்று அந்தச் சதுரம். இறங்குமிடம் ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. ஐந்து எஞ்சின்கள் நான்காயின. கால்கள் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி வலுப்பெற்றன. வேகத்தை நேரடியாக அளக்கும் லேசர் கருவி சேர்ந்தது. வெற்றியை அடிப்படையாகக் கொண்ட வடிவமைப்புக்குப் பதிலாகத் தோல்வியை அடிப்படையாகக் கொண்ட வடிவமைப்பு என்று சோமநாத் இதனைக் குறிப்பிட்டார். எது எது கெடலாம் என்று முதலில் கேட்பது. கெட்டாலும் இறங்கும் வழியை அடுத்துத் தேடுவது. விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம், அன்று மாலை 5.44 மணிக்குத் தன் பொறுப்பைத் தானே ஏற்று, இருபது நிமிடத்தில் இறங்கியது.

இங்கே ஆய்வாளனாக ஒரு குறையைச் சொல்லவேண்டும். அப்போலோ-11இன் எச்சரிக்கைகளைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுத முடிவதற்குக் காரணம், அந்தக் கணினியின் முழு நிரலும், வீரர் பேச்சின் எழுத்துப்படியும், பொறியாளர்களின் நினைவுக்குறிப்புகளும் எவரும் படிக்கத் திறந்திருப்பதுதான். அகளியில் இருந்துகொண்டு ஒரு மாணவன் 1969இன் நிரலை வரிவரியாக வாசிக்கலாம். சந்திரயான்-2இன் தோல்வியை ஆராய்ந்த குழுவின் முழு அறிக்கை பொதுவெளியில் இல்லை. நாடாளுமன்றத்தில் தந்த சுருக்கமான விடையும், நான்காண்டு கழித்துத் தலைவர் அளித்த வாய்மொழி விளக்கமுமே நமக்குச் சான்றுகள். அறிக்கையைக் கொண்டு பொறியாளர்கள் பயனடைந்துவிட்டார்கள். சந்திரயான்-3 அதற்குச் சாட்சி. ஆனால் அடுத்த தலைமுறைப் பொறியாளர் கல்லூரியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வெற்றியின் தேதி மட்டும் கிடைக்கிறது. எந்த இடத்தில் எது கைநழுவியது என்ற குறிப்பு கிடைப்பதில்லை. மீள்தொடக்கப் பாதுகாப்பு என்பது கணினிக்கு மட்டும் வேண்டியதன்று. விட்ட இடம் எது என்று எழுதிவைக்காத சமூகமும் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும்.

இது நமக்குத் தொலைவான செய்தியும் அன்று. 2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரத்தில் அறிவிக்கப்பட்ட ககன்யான் வீரர் நால்வருள் ஒருவரான பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், நம் பாலக்காடு மாவட்டத்து நெம்மாராவைச் சேர்ந்தவர். ககன்யான் நிலவுக்குச் செல்வதன்று, பூமியைச் சுற்றிவருவது. ஆயினும் மனிதரைச் சுமக்கும் கலத்தை வழிநடத்தும் கணினி என்ற பழைய வினா இப்போது நம் வீட்டுவாசலுக்கு வந்திருக்கிறது. நம் ஏவுகலங்களில் 2009 முதல் இயங்கிவந்த விக்ரம்-1601 நுண்செயலி 16 பிட் கொண்டது. அப்போலோ கணினியின் சொல்லும் அதே நீளம். அதன் வழித்தோன்றலாக, விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் சண்டிகர் குறைகடத்தி ஆய்வகமும் உருவாக்கிய 32 பிட் விக்ரம்-3201 2025இல் வெளிவந்தது. கைப்பேசிச் சில்லுகளோடு ஒப்பிட்டால் இதுவும் சிறியதே. விண்வெளியில் பெரிதாயிருப்பதைவிட, கதிர்வீச்சையும் வெப்ப ஏற்றத்தாழ்வையும் தாங்கி நிற்பதே வேண்டப்படுவது.

அந்த மாணவனுக்கு இப்போது என் விடை இது. தம்பி, உன் கைப்பேசி சிறியது என்பதால் நிற்கவில்லை. அதனிடம் எல்லாவற்றையும் கேட்கிறோம். எது போனாலும் எது போகக்கூடாது என்று நாம் அதனிடம் சொல்லிவைக்கவில்லை. நிலவுக்குப் போன கணினியை உருவாக்கியவர்கள் அதனால் முடியாதவற்றை நன்கு அறிந்திருந்தார்கள், அறிந்ததை எழுதிவைத்தார்கள். நீ பொறியாளன் ஆனால், உன் கருவி எங்கே தோற்றது என்பதையும் எழுதிவை. உனக்குப் பின் வருபவர் அந்த இடத்திலிருந்து தொடங்கட்டும்.

பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: அறிவியல் வரலாற்றுத் தாளில் வெற்றியின் நாள்களோடு, ஒரு தோல்வி அறிக்கையையேனும் முழுமையாகப் பாடமாக வையுங்கள். மாறுபட்ட கருத்துகளையும் திருத்தங்களையும் கீழே எழுதுங்கள். பதிவில் பிழையிருந்தால், பழைய வரியை அழிக்காமல் திருத்தத்தை அதன்கீழேயே சேர்ப்பேன்.